கால்வாய் வீட்டின் ஈரப் படிகள்

எட்டு வருடங்களுக்கு முன் பஹ்ரைனில் என்னை ஒரு வேலையிலிருந்து அனுப்பினார்கள். அந்த வேலை எப்படி முடிந்திருக்கிறது என்று பார்க்க, இந்தப் பிப்ரவரியில் சொந்தச் செலவில் போய்வந்தேன். சுற்றுலா என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. "சண்டை போடத்தானே போறீங்க? போட்டுட்டு வாங்க" என்றாள்.

கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே பயணம் போகிறவர்கள் சிலர் இந்த வலைப்பதிவைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய தூரம், நேரம், கட்டணம் எல்லாம் இதில் உண்டு. கூடவே என் வழக்கும் வரும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம், நாலரை மணி நேரம். மனாமாவில் குதைபியா பகுதியில் அறை எடுத்தேன், ஒரு இரவுக்குப் பதினைந்து தினார். நம் ஊர்ச் சாப்பாடு, நம் ஊர்ச் சலூன், நம் ஊர் அரட்டை எல்லாம் இரண்டு தெருவுக்குள் கிடைக்கும். இதே குதைபியாவில்தான் பதினோரு வருடம் ஒரு ரூமில் இருந்தேன். கூட இருந்தவன் ஜமால், கீழக்கரைக்காரன். நிறுவனத்தில் அவன் சர்வேயர், நான் வரைபடப் பிரிவு. அவன் பெயர் இனி அடிக்கடி வரும்.

போன இடம் பழைய துறைமுகம். சரக்குக் கப்பல்கள் வேறு இடத்துக்குப் போன பிறகு, அங்கே கால்வாய்கள் வெட்டி நாற்பத்திரண்டு வீடுகள் கட்டினார்கள். முதலில் உலர்ந்த மண்ணில் கால்வாயைத் தோண்டி, கரையில் வீடுகளை எழுப்பி, கடைசியில்தான் மண் அணையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர்ப் பக்கம் ஒரு கதவு. அதிலிருந்து படிகள் இறங்கி ஒரு மேடையில் முடியும். மேடையில் நின்றபடி படகில் கால் வைக்கலாம். அந்தப் படிகளை வரைந்தவன் நான்.

கடலை விட்ட அன்று மேடை தண்ணீருக்குள் போனது. ஒரு மீட்டர் தாழ்வு.

இந்த ஒரு மீட்டரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துறைமுகத்துக்காரர்கள் உயரத்தைக் கடல் மிகவும் வற்றிய மட்டத்திலிருந்து அளப்பார்கள். நகரத்துக்காரர்கள் கடலின் சராசரி மட்டத்திலிருந்து அளப்பார்கள். அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். என் வரைபடத்தின் மூலையில் "உயரங்கள் அனைத்தும் நகர மட்டப்படி" என்று தெளிவாகக் குறித்திருந்தேன். அதைப் பார்க்காமல் சைட்டில் யாரோ துறைமுக மட்டமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் வாதம். சைட்டில் மட்டம் போட்டது ஜமால். நிறுவனம் வரைபடம்தான் தவறு என்றது. எனக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது, அவனுக்குப் பதவி உயர்வு. அன்றே ரூமைக் காலி செய்தேன். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. இப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. நான் வரைந்தவை பத்துப் படிகள். வீட்டுக் கதவு சரியான உயரத்தில்தான் இருந்தது; மேடையை மட்டும் ஒரு மீட்டர் இறக்கினால் பத்துப் படி எட்டாது, ஏழு கூடுதலாகக் கட்டியாக வேண்டும். ஆகவே படிகளை எண்ணினால் போதும். பதினேழு இருந்தால் தவறு சைட்டில். இந்தக் கணக்கை எட்டு வருடமாக, ஊர் பெயர் சொல்லாமல், வகுப்பில் நடத்திவருகிறேன். கிளம்புவதற்கு முதல் நாள் ஜமாலுக்குச் செய்தி அனுப்பினேன்: "வியாழன் மதியம் ஒரு மணி, குதைபியா. உனக்கு ஒன்று காட்ட வேண்டும்." ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "வா."

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு டாக்ஸி பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், பதினான்கு நிமிடம், இரண்டு தினார் நானூறு ஃபில்ஸ். ஓட்டுநர் உள்ளூர்ப் பெரியவர். கால்வாய் வீடுகள் என்றதும் உடைந்த ஹிந்தியில், "வீடெல்லாம் அச்சா. ஆள் மாஃபி" என்றார். வீடு நன்றாக இருக்கிறது, ஆள்தான் இல்லை. கட்டடக்கலை விமர்சனம் என்று நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமும் நேர்மையும் இல்லை.

நுழைவு இலவசம். வாசலில் பழைய பாரந்தூக்கி ஒன்றை நிறுத்தி ஆரஞ்சு வண்ணம் அடித்திருக்கிறார்கள். அதன் கீழே மணப்பெண்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரக்குக் கிடங்கு காப்பிக் கடையாகியிருக்கிறது. ஒரு காப்பி இரண்டு தினார் இருநூறு ஃபில்ஸ். கோப்பை சின்னது, நுரை பெரியது.

வீடுகளைப் பற்றி வஞ்சகம் இல்லாமல் சொல்கிறேன். முகப்பு ஐந்தரை மீட்டர்தான், உள்ளே நீண்டு போகும் மூன்று மாடி. பக்கச் சுவர்கள் பொதுச் சுவர்கள். ஒட்டி நிற்பதால் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கின்றன. இந்த வெயிலுக்கு அது சரியான யோசனை. வெள்ளைப் பூச்சில் காலை ஒளி தண்ணீரிலிருந்து பிரதிபலித்து நெளிவதைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். மற்றதெல்லாம் வேஷம். பவளக்கல் போலத் தெரிவது அச்சு வார்த்த கான்கிரீட். மரச் சட்டம் போலத் தெரிவது அலுமினியம். கூரையில் காற்றுக் கோபுரம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் காற்று போகாது, ஏசியின் வெளிப்பெட்டிதான் நிற்கிறது. படகு நிறுத்தும் அறைகளின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒன்றில் உடற்பயிற்சி சைக்கிள், மூன்றில் அட்டைப்பெட்டிகள். படகு எதிலும் இல்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்குத் தண்ணீர் முழுதும் வற்றும் என்று அலை அட்டவணையில் பார்த்து வைத்திருந்தேன். இரண்டாவது பாலத்தை ஒட்டிய வீட்டின் படிகளை நெருங்கினேன். பாதியில் ஒரு சங்கிலி. அதற்குக் கீழே நீல உடுப்பில் ஒருவர் குந்தியிருந்து, இரும்புத் தகட்டால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சார், சங்கிலியத் தாண்டாதீக. வழுக்கும்." என் முகத்தைப் பார்த்தே தமிழில் சொன்னார். பெயர் முனியசாமி, முதுகுளத்தூர்ப் பக்கம்.

"சும்மா எண்ணிப் பாக்கணும்" என்றேன்.

"என்னத்த எண்ண? சங்கிலிக்குக் கீழ ஏழு. தெனம் நான் தேய்க்கிறது, எனக்குத் தெரியாதா? நாப்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஏழு படி. தண்ணி எப்ப எறங்குதோ அப்பத்தான் டூட்டி. ஒரு நாள் விடியக்காலம், ஒரு நாள் பத்து மணி. சூப்பர்வைசர் ஜல்தி ஜல்திம்பான். கடலு அவன் பேச்சக் கேக்குமா?"

"தேய்க்காம விட்டா?"

"போன மாசம் ஒரு நாள் விட்டோம். போட்டோ எடுக்குறேன்னு ஒரு பொம்பள எறங்குச்சு. நேரா உள்ள. கை ஒடிஞ்சு போச்சு."

யார் இதை இவ்வளவு கீழே வைத்தது என்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"எவனோ படிச்ச பயதான். மீனு வீட்டுக்குள்ள வர வழி வேணாமான்னு நெனச்சிருப்பான்." அவரே சிரித்துக்கொண்டார். "ஷூவக் கழட்டிட்டு வாங்க. கையப் பிடிச்சுக்கங்க."

இறங்கினேன். மேலே பத்து, கீழே ஏழு. பதினேழு. ஐந்து வீடுகளில் எண்ணினேன், எல்லாம் பதினேழு. ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று, ஐம்பத்தோரு வயதில், நான் சத்தமாகவே சிரித்தேன். முனியசாமி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

ஜமாலுக்குக் காட்டுவதற்காக, வேலைநீக்கத்தன்று எடுத்து வைத்த வரைபடத்தின் படத்தைப் போனில் திறந்தேன். எட்டு வருடத்தில் அதை நூறு முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மூலையிலிருந்த என் குறிப்பைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று பத்துப் படிகளையும் அருகில் வைத்துக் காட்டலாம் என்று, முதல் முறையாகப் படிகள் இருக்கும் பகுதியைப் பெரிதாக்கினேன்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். விரலை வைத்து மூன்றாம் முறையும் எண்ணினேன். என் வரைபடத்தில் பதினேழு படிகள்.

பத்து என்பது முதலில் கையால் போட்ட மாதிரியில் இருந்தது. பிறகு ஜமால் அளந்த தண்ணீர் மட்டம் ஒரு தாளில் வந்ததும் மேடையின் உயரத்தை மட்டும் கணினியில் மாற்றினேன். உயரத்தைக் கொடுத்தால் படிகளை அதுவே போட்டுக்கொள்ளும். எத்தனை போட்டது என்று யார் எண்ணுகிறார்கள்? நான் எண்ணவில்லை. சைட்டில் என் வரைபடத்தை அப்படியே, ஒரு படி பிசகாமல் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மேடையின் உயரம் எப்படித் தவறியது என்று மட்டும் புரியவில்லை. ஜமால் தந்த அந்தத் தாளில் இருந்த எண்ணிலிருந்து ஒரு மீட்டர் கழித்தேன். துறைமுக எண்ணை நகர எண்ணாக்க அதுதான் முறை.

திரும்பும்போது டாக்ஸி கிடைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. வாசலில் நிழல் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் குதைபியாவில் எங்கள் பழைய உணவகத்துக்குள் போனேன். ஜமால் முன்பே வந்து, இரண்டு மீன் சாப்பாடு சொல்லியிருந்தான். தாடி நரைத்திருந்தது. போனை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"பதினேழு" என்றான், குனிந்து பார்க்காமலே. "தண்ணி விட்ட மறுநாளே எண்ணிட்டேன் சேகரு."

"உன் தாள்ல இருந்து ஒரு மீட்டர் கழிச்சேன். அதானே முறை?"

"நான் கழிச்சுத்தான் தந்தேன். சொன்னேனே. ரூம்ல, நான் மீன் பொரிச்சிட்டு இருக்கயில. கழிச்சாச்சு, நீ கைய வைக்காதன்னு. நீ சரி சரின்னு உப்பு இருக்கான்னு பாத்தே."

எங்கள் வேலை பாதி அப்படித்தான் நடந்தது. ஆபீசில் எழுதிக் கேட்டால் மூன்று நாள் ஆகும். அடுப்படியில் கேட்டால் அப்போதே முடியும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். அவன் கழித்ததை நான் இன்னொரு முறை கழித்திருக்கிறேன். அவன் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"தாள்ல எழுதியிருக்கணும்ல?" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

"எழுதியிருக்கணும். அது என் தப்பு. நம்ம ரெண்டு பேர் தப்புன்னுதான் ஆபீசுலயும் எழுதிக் குடுத்தேன். ஒருத்தர் பேரு போதும்னுட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பதினாலு தடவ போன் போட்டேன். நீ எடுத்தியாடா? கடைசியா உன் பொஞ்சாதி எடுத்து, இனிமே பண்ணாதீங்கண்ணேன்னுச்சு." சோற்றைப் பிசைந்தான். "ஆறுது. சாப்புடு."

சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. வாயில் வரவில்லை. எழுதித் தராதது அவன் தவறுதான், அதை இன்றும் விடமாட்டேன். ஒருத்தர் பெயர் போதும் என்று சொன்ன அந்த ஆபீசையும் விடமாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் கெட்டுப்போனதற்கெல்லாம் எட்டு வருடமாக ஒரு விலாசம் வைத்திருந்தேன். இப்போது அந்த விலாசத்தில் நானே குடியிருக்கிறேன். இது விடுதலை என்று யாராவது பின்னூட்டம் எழுதினால் நீக்கிவிடுவேன். எனக்கு வெறுமையாகத்தான் இருக்கிறது. போனை எடுத்து ஜமாலின் பேச்சை நிறுத்தியவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் "நீங்கதானே எடுத்துச் சொல்லச் சொன்னீங்க" என்பாள். அப்படித்தான் இருக்கும்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள். ரப்பர் அடி கொண்ட செருப்பு அவசியம். சங்கிலியைத் தாண்ட வேண்டுமென்றால் துப்புரவுக்காரர் வேலை செய்யும்போது, அவரைக் கேட்டு இறங்குங்கள். கிளம்பும் முன் அலை அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வற்றும் நேரத்துக்குப் போங்கள். ஏறியிருக்கும்போது போனால் பத்துப் படிதான் தெரியும். எல்லாம் சரியாகக் கட்டியதுபோலவே இருக்கும்.