கொடுவாவுக்கு ஒரு பின்னல் நூல்

பச்சைப் பனிச்சங்காயை அம்மியில் வைத்துத் தட்டினால் எழும்புகிற துவர் வாடை மூக்கோடு நிற்பதில்லை. நாக்கின் அடியில் போய்க் குந்திக்கொண்டு, அன்றைக்குக் குடிக்கிற தேத்தண்ணியையும் கெடுத்துவிடும். அந்த வாடையை நினைத்தால் மற்றவர்களுக்கு என்ன வருமோ தெரியாது, எனக்கு வசந்தி மேல் எரிச்சல்தான் வரும். வசந்தி என் மச்சாள், அப்பாவின் தங்கை மகள். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. எரிச்சலுக்கு மட்டும் இன்னும் நரைக்கவில்லை.

அப்பா திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். கிழமை முழுவதும் கதிரையில் இருந்து எழுதுகிற மனிதர், சனி ஞாயிறு விடிந்தால் கொடுவா மீனுக்குக் கைத்தூண்டில் போடப் போய்விடுவார். சண்டைக் காலம் அது. வள்ளங்களுக்கு ஆயிரம் கட்டுப்பாடு, கரை நெடுகிலும் முட்கம்பி. இருந்தாலும் துறைமுகத்தின் உட்புறத்தில், கண்டல் மரங்களுக்கு நடுவால் வருகிற ஓடை கடலோடு சேருகிற இடத்தில், பழைய கல்லணை ஒன்றில் இருந்து தூண்டில் போட ‘சென்றி’ என்கிற காவலரணில் நின்ற கடற்படைக்காரர்கள் அப்பாவை அனுமதித்தார்கள். ஆனால் அப்பாவோடு ஒரு பிள்ளை மட்டும்தான் போகலாம். அதுதான் அங்கே சட்டம். யார் போட்டதென்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு பிள்ளை நானாக இருந்தேன். உயிர் இறால் கிடக்கிற தகரப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் இடது பக்கத்தில் இருப்பேன். அப்பா அதிகம் கதைக்கமாட்டார். வீட்டிலே தம்பிமாரோடும் அம்மாவோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் பங்கிட்டுக் கிடைக்கிற அப்பா, அந்தக் கல்லில் முழுதாக எனக்குக் கிடைப்பார். அரசனுக்குப் பக்கத்தில் இருக்கிற மந்திரிக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

பிறகு வசந்தி வந்தாள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் இருந்த அவர்களுடைய பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. படிப்புக் கெட்டுவிடும் என்று அவளுடைய தாய், என் மாமி, அவளை எங்களிடம் விட்டுவிட்டு, வயலையும் மாட்டையும் பார்க்கத் திரும்பிப் போனா. வசந்தியை ஒருநாள் கல்லணைக்குக் கூட்டிப்போன அப்பா, வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்கு விரலிலதான் கண் இருக்கு. கொடுவா இறாலை மணந்து பாக்கிறதே அவளுக்குத் தெரியுது.” அடுத்த கிழமையும் அவள்தான் போனாள். அதற்கடுத்த கிழமையும். பேணி மாத்திரம் நான் கழுவி வைத்தது.

அம்மாவிடம் முறையிட்டால் ஒரே பதில். “தாய் தகப்பனை விட்டுட்டு வந்து நிக்கிற பிள்ளை. விட்டுக்குடு.” நான் விட்டுக்கொடுக்கவில்லை; என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை, பொறாமை மட்டும் நன்றாக வந்தது. வசந்தி சோறு குழைத்துச் சாப்பிடுகிற விதம் பிடிக்கவில்லை, அவள் தலை பின்னுகிற விதம் பிடிக்கவில்லை, அப்பாவை அவள் “மாமா” என்று கூப்பிடும்போது அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற இழுவை அறவே பிடிக்கவில்லை.

அப்பாவிடம் இருந்தது சோடாப் போத்தலில் சுற்றிய ‘தங்கூசி’, அதாவது ஒற்றை நைலோன் இழை. ஒருநாள் பெரிய கொடுவா ஒன்று அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தங்கூசி இழுபடும், மீன் கொத்துவதும் விரலுக்குப் பிந்தித்தான் தெரியும், கொடுவாவுக்குப் பின்னல் நூல்தான் சரி என்று அப்பா முடிவுகட்டினார். கிண்ணியாக்காரர் ஒருவர் பட்டினத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் ‘காக்கா’. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது. அவரிடம் பின்னல் நூல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் இரண்டு பேரையும் அப்பா கூட்டிக்கொண்டு போனார்.

காக்கா இரண்டு கட்டை நூலை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பச்சை, மற்றது மஞ்சள். அப்பாவின் கை நேரே பச்சைக்குப் போனது. நகத்தால் நெருடினார், இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். புதுச் சட்டை கிடைத்த பிள்ளையின் முகம் அவருக்கு.

“பச்சைதான் மாமா,” என்றாள் வசந்தி. “ஓடைத் தண்ணியும் இந்த நிறம்தானே. மீனுக்குத் தெரியாது.”

“மஞ்சள்,” என்றேன் நான்.

அவள் சொன்னதற்கு மாறாகச் சொல்லவேண்டும் என்பது முதற் காரணம். ஆனால் அது மட்டுமல்ல. அது ‘ஆமிப் பச்சை’, பட்டாளத்து உடுப்பின் நிறம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நிறத்தில் ஓர் உடுப்புக்கூடக் கிடையாது. பச்சைத் துணிப் பை கொண்டுபோன பக்கத்து வீட்டு அண்ணனை, அது எங்கே எடுத்தது, யார் தந்தது என்று சென்றியில் பின்னேரம் வரை இருத்தி வைத்திருந்தார்கள். “பச்சை எண்டா சென்றியில கேள்வி வரும், அப்பா,” என்றேன்.

காக்கா தலையில் அடித்துக்கொண்டார். “மஞ்சள மீன் தூரத்திலேயே கண்டுட்டு ஓடும், மகள். மீனுக்கு வாங்கிறீங்களா, நேவிக்கு வாங்கிறீங்களா?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பச்சையை மெல்ல மேசையில் வைத்தார். “பிள்ளை சொல்லுறது சரி, காக்கா. மீன் தப்பினாலும் பரவாயில்லை.”

வென்றுவிட்டேன். கடையிலிருந்து வீடு வரும் வரைக்கும் என் கால் நிலத்தில் படவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வசந்தி சோற்றைப் பிசைந்தபடி சாவகாசமாகச் சொன்னாள்: “பனிச்சங்காய்ச் சாயம் போட்டா மஞ்சள் அடங்கும், மாமா. எங்கட ஊரில முந்தி வலைக்கெல்லாம் அதுதான் போடுறது.” அப்பாவின் முகம் மறுபடியும் அந்தப் புதுச் சட்டை முகமாகிவிட்டது.

கோயில் கேணிக் கரையில் பனிச்சை மரம் ஒன்று நின்றது. வசந்தி காய் பொறுக்கி வந்து, எங்கள் அம்மியில் தட்டி, சாறை வெறுங்கையால் பிழிந்து பானையில் ஊறவைத்தாள். நூலை அமிழ்த்துவதும் எடுத்துக் காயப்போடுவதும் திரும்ப அமிழ்த்துவதுமாக ஒரு கிழமை வீடெல்லாம் அந்த வாடை. கடைசியில் நூல் கண்டல் சேற்றின் நிறத்துக்கு வந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்து, “கெட்டிக்காரி” என்றார். நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோது எனக்குக் கிடைத்தது “ம்” மட்டும்தான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் புது நூலோடு புறப்பட்டுப் போனார்கள். வெயில் ஏறியபின் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. நூலைச் சென்றிக்காரன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லையாம். வசந்தியின் கைகளைத்தான் பார்த்தானாம். பனிச்சங்கறை லேசில் போகாது. உள்ளங்கையும் நகக்கண்ணும் கன்னங்கரேலென்று இருந்தன. பிள்ளையின் கையில் என்ன வெடிமருந்து, எங்கே வேலை செய்தாள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, வெயிலில் நிறுத்தி வைத்து, பெரியவன் ஒருவன் வந்து மணந்து பார்த்த பிறகுதான் போகவிட்டார்களாம். சென்றிக்குப் பயந்து பச்சையை விட்டோம். பச்சை செய்யாத வேலையைப் பனிச்சங்காய் செய்துவிட்டது.

“கறை போகுமட்டும் நீ அந்தப் பக்கம் வர ஏலாது,” என்றார் அப்பா. வசந்தி அழுதாள். எனக்குச் சந்தோஷம். அம்மா அவள் கையைத் தேசிக்காய்ப் புளியால் தேய்த்தா, நான் காளி கோயிலில் போய்க் கறை போகக்கூடாதென்று கும்பிட்டேன். காளி என் பக்கம்தான் நின்றா.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மடியில் பேணியோடு அப்பாவின் இடது பக்கத்தில் நான். அப்பா சுருட்டுப் பற்றவைப்பதற்காக நூலை என் கையில் தந்த நேரம் பார்த்து அது கொத்தியது. தங்கூசியில் அப்படி ஒன்றை நான் உணர்ந்ததே இல்லை. மீன் நேரே என் விரலைப் பிடித்து உலுக்கியது மாதிரி இருந்தது. “அப்பா!” என்று கத்தினேன். இரண்டு பேருமாக இழுத்தோம். கல்லில் விழுந்து துடித்தது வெள்ளிக் கொடுவா, என் கடைசித் தம்பியின் உயரம் இருக்கும். மூச்சு வாங்க நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன்.

“வசந்தின்ர நூல் கைவிடேல்லை, பாத்தியா!” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில், மீன் யார் கையில் பிடிபட்டதோ அவர்களுக்குத்தான் தலை. அன்றைக்குத் தலையை அப்பா தன் கையாலேயே எடுத்து வசந்தியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். “பாவம், நேத்து வெயிலில நிண்ட பிள்ளை.” கொடுவாத் தலையில் கண்ணுக்குத்தான் ருசி. வசந்தி ஒரு கண்ணை நோண்டி, கறுத்த விரல்களால் என் பக்கம் நீட்டினாள். “இந்தா மச்சாள், நீதானே பிடிச்சனீ.” வேண்டாம் என்றேன். அவள் தந்ததால் வேண்டாம். அப்பா தந்திருந்தால் முள்ளையும் தின்றிருப்பேன்.

இப்போது அந்தச் சென்றி இல்லை. முட்கம்பி இல்லை, பாதையைக் கேட்பார் இல்லை, அந்தக் கல்லில் எத்தனை பேரும் இருக்கலாம். பின்னேரங்களில் பெடியன்கள் வரிசையாக இருந்து, கண்ணைப் பறிக்கிற நிறங்களில் பின்னல் நூல் போட்டு, ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காக்காவின் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். கேணிக் கரையை மதில் கட்டிப் பூட்டிவிட்டார்கள், பனிச்சை மரத்தைக் காணவில்லை. அப்பா போய்க் கன காலம். அவருடைய இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது; இருப்பதற்குப் போட்டியும் இல்லை, இருந்து பிரயோசனமும் இல்லை.

வசந்தி கனடாவில் இருக்கிறாள். கோடை வந்தால் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுகிறாளாம். அங்கே ‘பாஸ்’ என்றொரு மீன், நம்முடைய கொடுவாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்குமாம். போன மாதம் ஒரு கடைக்குள் நின்று வீடியோவில் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுவதும் பின்னல் நூல் கட்டைகள். “எனக்குத் தலை சுத்துது, மச்சாள்,” என்று ஒரு பச்சைக் கட்டையையும் ஒரு மஞ்சள் கட்டையையும் தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “மாமா இருந்தா எதை எடுப்பார்?”

பச்சையைத்தான் எடுப்பார். வெயிலில் பிடித்துப் பார்த்த அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

“மஞ்சள்,” என்றேன்.