புயலில் தொலையாத எலக்ட்ரான்கள்

‘மூலத் தரவைக் கருவி அனுப்பியவாறே, எவ்விதக் கலப்பும் இன்றிப் பாதுகாப்பவர்’ என்றது அவளுடைய பதவி விளக்கம். ஒன்பது வருடமாக அவள் பார்த்த வேலையே கலப்பதுதான். அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒட்டு’ என்று பெயர். செல்லமாகத்தான்.

பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் வளையமாகச் சுற்றித் திரிகின்றன. செயற்கைக்கோளில் உள்ள கருவி அவற்றை எண்ணிக் கீழே அனுப்பும். காந்தப் புயல் அடிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை சடாரென்று சைபரை ஒட்டி விழுந்துவிடும். கருவி மயங்கிவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அந்தப் பள்ளங்களை முன்பின் எண்களின் சராசரியால் அடைக்கும் கணினி நிரலை, வேலைக்குச் சேர்ந்த வருடமே அவள் எழுதினாள். தரவின் நூறு சதவீத முழுமைக்குக் கேடயம் கிடைத்தது. அது இப்போது பிரிவுத் தலைவரின் மேசையில், காய்ந்த ஆரஞ்சுத் தோலுக்கு அண்டை கொடுத்து நிற்கிறது.

எப்பேர்ப்பட்ட புயலிலும் இந்த வளையங்கள் எதையும் இழப்பதில்லை என்று தலைவர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் படம் தயாரிக்கும்போதுதான் யாருமே திறக்காத சோதனைக் கோப்பை அவள் திறந்தாள். கருவி மணிக்கொரு தரம் தனக்குத்தானே பத்துப் பொய்த் துடிப்புகள் கொடுத்து, சரியாக எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஒன்பது வருடத்தில் அடித்த நாற்பத்தொரு புயல்களிலும் பத்துக்குப் பத்து எண்ணியிருந்தது. மயக்கமாவது ஒன்றாவது. எலக்ட்ரான்கள் நிஜமாகவே போயிருந்தன, சில வெளியே விண்வெளிக்கு, சில கீழே காற்றுமண்டலத்துக்குள்.

தான் நிரப்பிய எண்களைப் பார்த்தாள். மென்று துப்பியதைத் தட்டில் வைத்துப் பரிமாறிய மாதிரி இருந்தது. அழகாக வேறு இருந்தன.

“சார், கருவி முழிச்சிட்டுதான் இருந்திருக்கு.”

தலைவர் காதுக்குள் விட்டிருந்த பேனா மூடியை எடுத்து, நுனியைப் பார்த்துத் திருப்தியடைந்து, சட்டையில் துடைத்தார். அதே விரலால் வரைபடத்தைத் தடவினார்.

“எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரும்மா. இதுல போய்ப் பள்ளம் தோண்டுவாங்களா?”

“தோண்டல சார். அங்க இருக்கு.”

“ஒன்பது வருஷமா நீ அடைச்ச பள்ளம். திங்கக்கிழமை துணைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். உன் பேர் ஒண்ணுதான் போயிருக்கு. வெளிய தெரிஞ்சா முதல்ல போறது யாரு?”

குரலில் கரிசனம் வழிந்தது. அதுதான் சகிக்கவில்லை. நேராக மிரட்டியிருந்தால் கொஞ்சம் சுத்தமாக இருந்திருக்கும்.

கணவனுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“விட்டுத் தொலையேன். எலக்ட்ரான் என்ன உன் மாமியார் வீட்டுச் சொத்தா?”

“என் மாமியார் உங்க அம்மாங்க.”

“அதான் சொல்றேன். அவங்களா இருந்தா ஒண்ணைக்கூடத் தொலைச்சிருக்க மாட்டாங்க.”

சிரிப்பு வந்தது. ஃபோனை வைத்ததும் திரையில் அதே எண்கள். பதவி கிடைத்தால் இதே நிரலை இன்னும் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு அவள்தான் மாட்டிவிட வேண்டியிருக்கும்.

திங்களன்று அவளை நேர்காணலுக்கு யாரும் கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் அவள் நாற்பத்தொரு புயல்களிலும் தான் நிரப்பிய எண்களை நீக்கினாள். கருவி அனுப்பியவற்றை அந்தந்த இடத்தில் திரும்ப வைத்தாள். ‘இதுவரை இங்கே இருந்த எண்களை நிரப்பியவள் நான்’ என்று கோப்பின் முதல் வரியில் எழுதிக் கையெழுத்திட்டு, தரவை வாங்கியிருந்த இருபத்தாறு நிறுவனங்களுக்கும் அனுப்பினாள்.