காய்ந்து வெடித்த சோப்பு

ஹேசல் அக்ராய்டோடு பதினோரு வருடம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் மேட்டுத் தெருக்களில் அலைந்திருக்கிறேன். நகர கவுன்சிலில் அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். முடியாதவர்கள் தங்கள் வீட்டிலேயே தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ள என்ன வேண்டும் என்று அளந்து எழுதுவாள். கைப்பிடிக் கம்பியோ நாற்காலியோ, கொண்டுபோய்ப் பொருத்துவது என் வேலை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உதவி கேட்டுவிட்டு எட்டு மாதம் காத்திருப்பார்கள். அவள் வருகிற அன்றைக்கு வீட்டைப் பளிச்சென்று துடைத்து, முடியைச் சுருட்டிக்கொண்டு, "சமாளிச்சுக்கிறேன் கண்ணு" என்பார்கள். அதை அப்படியே எழுதினால், உதவி தேவையில்லை என்று அலுவலகத்தில் ஃபைலை மூடிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈனிட் பாரக்ளஃபும் அதையேதான் செய்தாள். வயது எண்பத்திரண்டு, இரண்டு முட்டியும் போய்விட்டன, படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மாடி ஏறுவாள். இதில் உதட்டுச்சாயம் வேறு.

"குளிக்கச் சிரமமா இருக்கா?" என்று ஹேசல் கேட்டாள்.

"சமாளிச்சுக்கிறேன்."

ஹேசல் வாதாடவில்லை. மாடியேறிக் குளியலறையைப் பார்த்தாள். குளிக்கும் தொட்டிக்குள் மூன்று பூச்சட்டிகள் இருந்தன. சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. அதை எடுத்துவந்து ஈனிட்டின் மடியில் வைத்தாள்.

"இது கடைசியா எப்ப நனைஞ்சுது?"

ஏதோ நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்பதுபோல ஈனிட் என்னை முறைத்தாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "மூணு வருஷம். கிண்ணத்துல தண்ணி வெச்சுத் தொடச்சுக்கிறேன். கழுத்து வரைக்கும் வெந்நீர்ல கெடக்கணும் கண்ணு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

தொட்டியைப் பெயர்த்துவிட்டு ஷவர் வைக்கச் சொன்னது அலுவலகம்.

"சுத்தமா இருக்கணும், அவ்வளவுதானே?" என்றார் மேலாளர்.

"இல்ல. தண்ணில கெடக்கணும்னு கேட்டாங்க" என்றாள் ஹேசல்.

தொட்டிக்குள் இறக்கி ஏற்றும் நாற்காலிக்காக ஐந்து வாரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒரே ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். சரிவராவிட்டால் தொட்டி போய்விடும்.

"இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று வேனில் கேட்டேன்.

"எங்கம்மாவும் ஞாயித்துக்கெழமையானா போன்ல 'சமாளிச்சுக்கிறேன்'னுதான் சொல்லுவாங்க. நான் நம்பிட்டேன். ஊர்ல எல்லார் வீட்டுக் குளியலறையும் பாத்தவ, அவங்க வீட்டுல மட்டும் பாக்கல. இப்ப அவங்க இல்ல, ஆனாலும் ஞாயித்துக்கெழமை வந்தா கை தானா போனைத் தேடுது."

வண்டி ஓட்டுகிறவன் சாலையைத்தான் பார்க்க வேண்டும். நானும் சாலையைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை நாற்காலியைப் பொருத்திவிட்டு மாடிப்படி அருகே நின்றேன். ஹேசல் ஈனிட்டை உட்காரவைத்து இறக்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

"கழுத்து வரைக்கும்னுதானே கேட்டேன்?"

"அவசரப்படாதீங்க. சாய்மானம் இன்னும் படுக்கணும்."

மறுபடியும் சத்தம். அப்புறம் ஹேசல் பாத்திரத்தில் மொண்டு தோளில் ஊற்றுவது கேட்டது. ஈனிட் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மூன்று வருடம் அடக்கிவைத்திருந்த மூச்சு.

"நீ வெளிய போ கண்ணு. நான் கொஞ்சம் இப்படியே கெடக்கேன்."

ஹேசல் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து மேல்படியில் உட்கார்ந்தாள். சட்டைக் கை இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உள்ளே தண்ணீர் அளையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இருக்கியா?" என்றேன்.

"சமாளிச்சுக்கிறேன்" என்றாள்.

கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.