முதலில் சொன்ன ‘ஆமாங்க’

அந்துருண்டையும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாடை. அப்பாவின் கறுப்புக் கோட்டை நினைத்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே பெட்டியை விட்டு வெளியே வரும் அந்தக் கோட்டை, நாடு சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருடம் கழிந்த ஒரு காலையில் அப்பா மாட்டிக்கொண்டார். பதுளை கோர்ட்டில் அவர் மேல் வழக்கு.

மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசினார் என்று தேயிலைத் தோட்டத்துத் துரை அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். நிறுத்தப்பட்டவன் லயத்துக் "காம்பரா"வில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்களுடைய ஒற்றை அறையில், இன்னும் இருப்பது அத்துமீறல் என்று தோட்டம் வழக்குப் போட்டது. ஆனால் அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தாள். காம்பரா அவளுக்கும் உரியது. அப்பா சொல்ல வேண்டியது அந்த ஒன்றைத்தான். பஸ்ஸில் வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்: "எம் பொஞ்சாதிக்கு இன்னும் வேல இருக்குங்க. அவ வீட்டுலதாங்க நான் இருக்கேன்."

வழக்குப் பேசப் பிரக்கிராசி வைக்க வக்கில்லை. துணைக்கு வந்த மாமாவுக்கு மட்டும் தெம்பு குறையவில்லை. "நீதவான் நம்ம தமிழ் ஆளு மச்சான், யாழ்ப்பாணத்துக்காரரு. வெள்ளைக்காரன்கிட்டயா போறோம்? மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க." நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கோர்ட்டுப் படி ஏறினேன். இன்றைக்கும் எந்த அரசாங்கக் கட்டடத்தின் படி ஏறினாலும் கை அந்த முந்தானையைத் தேடுகிறது.

வராந்தாவில் நாங்கள் குந்தியிருந்தபோது நீதவானின் அறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "உந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டு வாரும்."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டியா புள்ள, தமிழு!"

அப்பா கூண்டில் ஏறியதும் நீதவான் கோர்ட்டுப் பாஷையான இங்கிலீஷில் கேட்க, மொழிபெயர்ப்பு முதலியார் என்ற கோர்ட்டு உத்தியோகஸ்தர் அதைத் தமிழில் கேட்டார்: வேலை போன பிறகும் அந்த அறையில் இருந்தாயா?

"ஆமாங்க" என்றார் அப்பா.

தோட்டத்தில் விடிகாலைப் "பெரட்டு"க்கு ஆட்கள் கூடி நிற்கும்போது துரை எதைக் கேட்டாலும் முதலில் "ஆமாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். குறை இருந்தால் பிறகு, துரை கை காட்டினால், சொல்லலாம். எடுத்த எடுப்பில் மறுத்தவனுக்கு அன்று வேலை கிடையாது. அந்தப் பழக்கத்தில்தான் அப்பா ஆமாங்க சொல்லிவிட்டு, இனிப் பேசச் சொல்வார்கள் என்று கைகட்டிக் காத்து நின்றார். முதலியார் அந்த ஒரு சொல்லை இங்கிலீஷாக்கினார். நீதவான் குனிந்து எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்றாம், முடிந்தது.

பொறுக்க மாட்டாமல் அம்மா பின்னாலிருந்து கத்தினாள்: "ஐயா, எனக்கு வேல இருக்குங்கய்யா! அது எங் காம்பராங்க!"

தேத்தண்ணி ஆறியதைத் தமிழில் சொல்லத் தெரிந்த அந்த மனிதர் முகட்டைப் பார்த்தார். முதலியார் இங்கிலீஷில் சொல்லாத எதுவும் அவர் காதில் விழவில்லை. பொலிஸ்காரன் அம்மாவை வெளியே தள்ளினான். மாதம் முடியுமுன் அப்பா காம்பராவை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பு.

"இங்க வந்துமா பெரட்டுல நின்னீங்க?" என்று அம்மா வராந்தாவிலேயே சீறினாள்.

"மொதல்ல ஆமாங்கணும், பொறவுதானே பேசணும் புள்ள. கேப்பாங்கன்னு பாத்தேன்."

"ஒங்கள ரோட்டுல விட்டுட்டு நான் மட்டும் உள்ள படுக்கவா?"

அம்மாவும் வேலையை விட்டாள். மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு இறங்கினோம். அங்கே கிட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லை. என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது.

அந்த நீதவான் பிறகு பெரிய கோர்ட்டுகளுக்கு உயர்ந்தார். ஓய்வுக்குப் பின் சட்டம் படிப்பித்தார். அவர் செத்தபோது பத்திரிகையில் வந்த புகழ்ச்சியை என் மகன் வாசித்துக் காட்டினான்: ஏழையின் பேச்சை முழுதாகக் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாராம். வாசித்தது போதும் என்றேன். பாடம் நல்ல பாடம்தான். அன்றைக்கு அதைப் படிக்க வேண்டியவர் மேலே, நாற்காலியில் இருந்தார்.

எங்கள் லயம் இன்று இல்லை. இடித்த இடத்தில் தேயிலை நிற்கிறது. அப்பாவும் இல்லை. கோட்டைப் போட்டே அடக்கம் செய்தோம்.

போன வாரம் கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள்: "அம்மா, மருந்தெல்லாம் ஒழுங்கா குடிக்கிறீங்கதானே?" காலையில் குடிப்பது, இரவில் குடித்தால் தலை சுற்றுவது, நடுவில் இரண்டு நாள் விட்டது என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கம்மா!"

"மொதல்ல நான் சொல்றத முழுசாக் கேளு" என்றேன்.