கூரைத் துணியில் நான்கு கீறல்கள்

கவரைப்பேட்டையில் பெரிய ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சீட் பட்டறை இருந்தது. லாரி, பஸ், கார் எது வந்தாலும் சீட்டுக்கு உறை தைத்துப் போடுவோம். வண்டியில் ஏறிப் பிரிப்பதும் பொருத்துவதும் என் கணவர். தையல் மிஷின் என்னுடையது. எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு வயிற்றில் முதல் பிள்ளை தங்கியிருந்தது.

மழைக்காலம் வருவதற்கு முன்னால், பக்கத்து ஊரில் நெல் பயிரிடும் ஒரு பெரிய பண்ணைக்காரருடைய பழைய சீமைக் கார் பட்டறைக்கு வந்தது. டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே கூரைத் துணி கிழிந்து, உட்காருபவர் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கியது.

"எலி கடிச்சிடுச்சி. புதுசா மாத்திடு," என்றார் டிரைவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அந்தக் காரின் கூரைக்கு உள்பக்கம் குறுக்கே வளைகம்பிகள் போகும். துணியின் மேல்புறம் நீளமாக உறை தைத்து, அதில் கம்பியை நுழைத்து, ஓரங்களைப் பசை போட்டு ஒட்டுவார்கள். என் கணவர் பொறுமையாகக் கழற்றிக் கொடுத்தார். வெயிலில் வெந்து வெந்து, தொட்டால் பொடிகிற துணி. பழையதை அப்படியே புதுத் துணிமேல் விரித்து அளவெடுத்து வெட்டுவதுதான் வழக்கம். தரையில் விரித்தேன்.

பின்சீட்டுக்கு நேர் மேலே கிழிசல் இருந்தது. எலி கடித்தால் அரித்த மாதிரி இருக்கும். இது நான்கு கீறல்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே பக்கமாக இழுத்தவை. எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, என் விரல்களை அதன்மேல் வைத்தேன். பொருந்தின.

"அண்ணே, இது எலி இல்ல," என்றேன்.

டிரைவர் என் வயிற்றைப் பார்த்தார். "உனுக்கு எதுக்கு தங்கச்சி அதெல்லாம்," என்றார். நான் விடவில்லை. அவர் பட்டறை வாசலில் குந்திக்கொண்டு சொன்னார்.

"போன மழையில, மொதலாளியப் பழவேற்காட்டுல வுட்டுட்டுத் திரும்பி வரேன். குப்பத்து ஆளுங்க வண்டிய மறிச்சிட்டாங்கோ. ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. பின்னால படுக்க வச்சிக்கினு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் தண்ணி. மெதுவாத்தான் போவ முடிஞ்சிது. பின்னால டர்ருனு துணி கிழியற சத்தம். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

"புள்ள?"

அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். "நீ தைக்காதமே, வேற ஆளப் பாத்துக்கலாம்," என்றார். நான்தான் பிடிவாதமாகத் தைத்தேன். பயந்து பாதியில் விட்டால் அந்தப் பயம் பிள்ளையோடு சேர்ந்து வளரும் என்று தோன்றியது.

வளைகம்பிக்கு உறை வரவேண்டிய கோட்டைக் குறிக்க, சுண்ணாம்புப் பொடியைத் துணியில் முடிந்து பழைய துணியின் தையல் துளைகள்மேல் தட்டுவோம். பொடி துளை வழியாக இறங்கிக் கீழே உள்ள துணியில் புள்ளியாக விழும். தட்டி முடித்துப் பழையதைத் தூக்கினேன். சாம்பல் நிறப் புதுத் துணியில் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே நான்கு வெள்ளைக் கோடுகள். கிழிசல் வழியாகவும் பொடி இறங்கியிருந்தது.

தட்டினேன், உதறினேன், ஈரத் துணியால் துடைத்தேன். "போயிடுச்சி போ," என்றார் என் கணவர். பொருத்தி முடித்துச் சுருக்கம் போக வெயிலில் நிறுத்தினோம். தையலைப் பார்க்கப் பின்சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்தேன். சாய்ந்த வெயிலில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. டிரைவருக்கும் தெரியவில்லை.

கார் போனபிறகும் பழைய துணி மூலையில் சுருட்டிக் கிடந்தது. எரித்துவிடலாம் என்றார் அவர். எனக்கு மனம் வரவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் அந்தச் சுருட்டல்தான்.

ஒருநாள் காலையில் ஒரு மீனவர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"எம்மா, அந்த காரு துணி இங்கதான் கீதா? டிரைவரு சொன்னாரு."

அந்தப் பெண்ணின் புருஷன் என்று கேட்காமலே தெரிந்தது. எடுத்து விரித்தேன். அவர் எட்டவே நின்றார்.

"நான் முன்னால குந்திகினு இருந்தேம்மா. எங்க அக்காதான் பின்னால அவகூட. ரோட்டையே பாத்துக்கினு வந்தேன், தண்ணில எங்க பள்ளமோன்னு. ஒரு வாட்டி திரும்பிப் பாக்கல. அவ இப்புடி இழுத்தான்னு எனக்குத் தெரியாது."

பிறகு மண்டியிட்டு, கீறல்களைத் தொடாமல், பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். அவர் கை பெரியது. துணியை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.

மழை பிடித்த பிறகு எனக்கு வலி கண்டது. ரோட்டில் பஸ் இல்லை. என் கணவர் ஓடிப்போய்ப் பண்ணைக்காரரைக் கேட்டு எடுத்துவந்தது அதே காரைத்தான். வேறு வண்டி அந்தப் பக்கத்தில் இல்லை. டிரைவர் இறங்கி என்னைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து பிடித்தார்.

பின்சீட்டில் படுத்தேன். என் கணவர் முன்கதவைத் திறந்தார்.

"முன்னால குந்தாதய்யா. இங்க வா," என்று கத்தினேன்.

அவர் பின்னால் ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மேலே நான் தைத்த துணி. கோடுகள் இருந்தனவா, வலியில் எனக்கு அப்படித் தெரிந்ததா, இன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வலிக்கும் என் கை தானாக மேலே போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் அதைப் பிடித்து இறக்கித் தன் சட்டையைப் பற்ற வைத்தார். பொன்னேரி போய்ச் சேர்ந்தபோது சட்டையில் பொத்தானே இல்லை.

பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். பார்க்க வந்த டிரைவர் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் பண்ணைக்காரர் காரை நெல்லூர்ப் பக்கம் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பட்டறை பிறகு நன்றாக நடந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர வர வண்டிகளும் பெருகின. யாராவது கூரைத் துணி மாற்றக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே, "அது நாங்க செய்யறதில்ல சார்," என்று அனுப்பிவிடுவார்.