சிரட்டை வாயுவில் ஓடிய ஃபேன்

யுத்தக் காலத்தில், மின்வெட்டு நாளாந்த விஷயமாகிவிட்டிருந்த ஒரு வருடம் நான் இரத்மலானையில் வேலை செய்தேன். தேங்காய்ச் சிரட்டையை வாயுவாக்கி, அதில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்துப் பார்க்கும் சின்ன ஆய்வுகூடம். என்னோடு கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா வருவார். என்னைச் சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். இருவருமே இரசாயனம் படித்தவர்கள்.

இரும்புக் கலத்தில் சிரட்டையைக் கொட்டி, காற்றைக் குறைத்து எரித்தால் எரியக்கூடிய வாயு வரும். கூடவே தாரும் வரும். அது உள்ளே படிந்து, எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பிய பீப்பாய் ஒன்றின் வழியாக வாயுவை விட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் முடிவெடுத்தோம்.

அன்று மத்தியானம் கரண்ட் நின்றதும் எஞ்சினைக் கிளப்பினோம். அது இருமவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சோம்பலாக அசைந்து, பிறகு சுழன்றது.

"நங்கி, கதைக்காதீங்க. நின்டுரும்," என்றார் அக்கா, எஞ்சினுக்குக் காது இருப்பதுபோல.

மேசையில் தலை சாய்த்துக் காற்று வாங்கினோம். லேசான புகை வாசனை. எந்தத் தென்னையிலோ விழுந்த பழைய வெயில் இப்போது என் கழுத்தைத் தொடுகிறது என்று நினைத்தபடி கண்மூடிக் கிடந்தேன்.

காவலாளி வந்து, கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்துவிட்டதாம், பஸ் ஓடாதாம் என்று சிங்களத்தில் சொன்னார். அக்காவின் கணவருக்குக் கோட்டையில்தான் வேலை. ஓடிப்போய் தொலைபேசியைச் சுழற்றினோம். லைன் கிடைக்கவேயில்லை. நெடுநேரம் கழித்து வீட்டு நம்பர் கிடைத்தது; அவரே எடுத்தார்.

"வீட்டதான் இருக்கன். இன்டைக்கு வேலைக்குப் போகல்ல."

அக்கா ரிசீவரைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நின்றார்.

கோட்டையைத் தாண்டி அக்கா அன்று வீட்டுக்குப் போக முடியாது; கடலோரத் தண்டவாளம் வழியே வெள்ளவத்தையிலிருந்த என் அறைக்கு இருவரும் நடந்தோம். தெஹிவளை தாண்டும்போது அக்கா நின்றார்.

"எஞ்சின நிப்பாட்டினீங்களா?"

"இல்லை அக்கா. நீங்கள் நிப்பாட்டினீங்கள் எண்டு நினைச்சன்."

கடல் பொன்னிறமாக இருந்தது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சிரிப்பின் நடுவில் அக்கா அழவும் செய்தார்.

மறுநாள் காவலாளி, சிரட்டை தீரும்வரை ஃபேன் சுற்றியதாகவும், தான் அதன் கீழேயே நன்றாகத் தூங்கிவிட்டதாகவும் சொன்னார். எஞ்சினைத் திறந்து விரலால் துடைத்துப் பார்த்தேன். தார் இல்லை. அக்கா தேநீர்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சிரட்டை எடுப்பிப்போம்," என்றார்.