கடைசிப் பதினெட்டுப் பக்கங்கள்

ஏழாம் நம்பர் பஸ்

முதல் ஷிஃப்ட் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இன்ஸ்பெக்ஷன் லைன் சூப்பர்வைசர் முரளி என் மேஜைக்கு ஓடிவந்தார்.

"சார், லேடீஸ் பத்துப் பேருக்குக் கண்ணு செவந்து கீது. சால்டரிங் பொகை உள்ள வருதுன்னு நெனைக்கிறேன். லைன நிறுத்தட்டுமா?"

நான் அப்போது கார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். முதலில் ஸ்ரீபெரும்புதூர், பிறகு வல்லம் வடகால் என்று இருபத்தாறு வருஷம் இதே வேலை. எங்கள் இன்ஸ்பெக்ஷன் லைனில் பெண்கள் லென்ஸ் வழியாக ஒவ்வொரு போர்டையும் பார்ப்பார்கள். பாதி அரிசி அளவு பார்ட் ஒன்று சாய்ந்திருந்தாலும் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். அங்கே நிற்பவர்களுக்குக் கண் சிவந்தால் அது சின்ன விஷயம் இல்லை. லைனை நிறுத்தச் சொன்னேன்.

சேஃப்டி ஆபீசர் வந்து புகைபோக்கியைக் கழற்றிப் பார்த்தார். நர்ஸ் ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாற்பது நிமிஷம் போன பிறகு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கண்ணில் கோளாறு இல்லை, எல்லாரும் அழுதிருக்கிறார்கள் என்று சொன்னார்.

விசாரித்ததில் குற்றவாளி ஒரு நாவல். சேரப்பணஞ்சேரியில் ஏழாம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் ஏறும் கலா, எங்கள் லைப்ரரியில் அதை எடுத்திருக்கிறாள். தினமும் காலையில் பஸ்ஸில் சத்தமாக வாசிப்பாளாம், மற்றவர்கள் கேட்பார்களாம். அன்றைக்கு ரோட்டில் லாரி நெரிசல். பஸ் நின்ற நேரத்தில் கதையை முடித்துவிட்டார்கள். கேட்டில் இறங்கும்போதே பஸ் மொத்தமும் மூக்கை உறிஞ்சியிருக்கிறது.

கதையில் செத்தவனுக்காக இங்கே லைன் நிற்க வேண்டுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் கேட்டேன். முரளி மட்டும் சிரித்தார்.

கார்டில் எழுதியவை

அந்த லைப்ரரிக்கும் நான்தான் பொறுப்பு. வேறு யாரும் கேட்காததால் என் தலையில் கட்டினார்கள். கேண்டீன் வாசலில் ஒரு இரும்பு அலமாரி, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இருநூறு சொச்சம் புத்தகங்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கை அங்கேயும் கொண்டுபோனேன். தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு லாட்டுடனும், அதாவது ஒரு தொகுதி போர்டுகளுடனும், ஒரு ட்ராவலர் கார்டு போகும். எந்த ஸ்டேஜில் யார் கை வைத்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே மாதிரி கார்டை ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் சொருகி வைத்திருந்தேன். மற்றப் புத்தகங்களில் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த நாவலின் கார்டு இரண்டு பக்கமும் நிறைந்து, இன்னொரு கார்டைச் சேர்த்து ஸ்டேப்ளர் போட்டிருந்தது.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கிறது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும், ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு பர்மாப் பக்கம் போகிறவனும் காதலிக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன் இறந்த தந்தி வருகிறது. அதை வாங்கிப் பிரிக்க வேண்டியவள் அவளே. இவ்வளவையும் கார்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். புத்தகத்தை நான் படிக்கவில்லை.

கலா எழுதியிருந்தாள்: 'கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க முடியவில்லை. பக்கத்து சீட் வசந்தா வாங்கி வாசித்தாள். அவளாலும் முடியவில்லை.' ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் எழுதியது: 'கதை சுமார். ஆனால் அன்று மதியம் சாப்பிடவில்லை.' டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண் தன் அப்பா நினைவு வந்ததாக எழுதியிருந்தாள். அவர் போருக்கெல்லாம் போனவர் இல்லை, ஏரியில் மண் எடுக்கும் வேலையில் இறந்தவர். இன்னொருத்தி கோபமாக எழுதியிருந்தாள்: 'அவளிடமே தந்தியைக் கொடுத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கி மறைத்திருக்கலாம்.'

கடைசியாகச் சொன்ன கருத்துதான் எனக்குப் பிடித்திருந்தது.

தேவகி கேட்டாள்

தேவகி எங்கள் லைனில் முதல் தரமான கண். எட்டு வருஷ சர்வீஸ். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேறு பஸ்ஸில் வருவாள். அவள் கணவன் ஆறுமுகம் ஒரு அரபு நாட்டில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் லோடு கொண்டுபோகும் பக்கத்தில் திடீரென்று சண்டை மூண்டது. இரண்டு நாள் பேசினான், மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை. ஐந்து வாரமாக ஒரு தகவலும் இல்லை. அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டும் பேசுவதில்லை. லைனில் எல்லாருக்கும் இது தெரியும். அவள் முன்னால் யாரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் டீ பிரேக்கில் வந்து அந்த நாவலைக் கேட்டாள். வேறு ஆளிடம் இருக்கிறது, திங்கட்கிழமை வா என்று பொய் சொல்லி அனுப்பினேன். கலாவையும் முரளியையும் கூப்பிட்டுப் பேசினேன். கொடுக்கவே கூடாது என்றார் முரளி. மறுத்தால் ஏன் என்று கேட்பாள், அது இன்னும் கஷ்டம் என்றாள் கலா. இரண்டு பேர் சொல்வதுமே எனக்குச் சரியாகப் பட்டது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. தப்பான லாட் கஸ்டமருக்குப் போய்விடும் என்று சந்தேகம் வந்தால் சந்தேகப்பட்டதைப் பிரித்தெடுத்து ஹோல்டு ஏரியாவில் வைத்துவிட்டு மிச்சத்தை அனுப்புவோம். அன்று சாயங்காலம் ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் வைத்து அந்தக் கடைசி அத்தியாயத்தை வெட்டி எடுத்தேன். ஒன்பது தாள், பதினெட்டுப் பக்கம். ஒரு கவரில் போட்டு, பழக்கதோஷத்தில் மஞ்சள் ஹோல்டு டேக் ஒட்டி டிராயரில் பூட்டினேன். கார்டையும் எடுத்துவிட்டுப் புதுக் கார்டு சொருகினேன். இப்போது அவன் லாரி ஏறிக் கையசைக்கும் இடத்தில் கதை முடிந்தது. வேலை சுத்தமாக வந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பார்ட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்று எத்தனையோ ட்ரெய்னிகளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக்கூட அந்த அத்தியாயத்தில் ஒரு வரியையும் நான் படித்துப் பார்க்கவில்லை.

லென்ஸ் இல்லாமலே

திங்கட்கிழமை புத்தகத்தை வாங்கிப் போன தேவகி நான்கு நாள் கழித்து வந்தாள். புத்தகத்தை என் மேஜையில் விரித்து வைத்து, தையலுக்குப் பக்கத்தில் விரலை ஓட்டிக் காட்டினாள். அரை மில்லிமீட்டர் காகித விளிம்பு அங்கே நின்றிருந்தது. தினமும் இரண்டாயிரம் போர்டு பார்க்கிறவளிடம் நான் இதை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

"பிளேடால வெட்டிகீது சார். ஒம்போது தாளு. நீங்களா?"

நான்தான் என்று சொன்னேன். உன் நல்லதுக்காகத்தான் என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. குரலும் உயரவில்லை.

"வூட்ல அழுவக் கூடாது சார். உசுரோட கீறவனுக்கு அழுதா ஆவாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க. கண்ணு கலங்குனாலே, மூஞ்சி கழுவிட்டு வெளக்கேத்துன்றாங்க. டிவிய ஆஃப் பண்ணிட்டாங்க. இங்க வந்தா நீங்கல்லாம் நான் வந்தாலே பேச்ச நிறுத்திடறீங்கோ. நான் எங்கதான் சார் அழுவறது? இந்த புக்கு படிச்சா எல்லாரும் அழுவறாங்கன்னு சொன்னாங்க. புக்குக்கு அழுதா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்கல்ல. அதுக்குத்தான் வாங்கினேன்."

ஏழாம் நம்பர் பஸ்ஸில் அழுதவர்கள் யாரும் அந்த லாரிக்காரனுக்காக மட்டும் அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏரி மண்ணில் போன அப்பாவுக்காக அழுதவளின் எழுத்து என் டிராயரில்தான் இருந்தது. அதைப் படித்தும் எனக்குப் புரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

டிராயரைத் திறந்து கவரைக் கொடுத்தேன். மஞ்சள் டேகைப் பார்த்துவிட்டு, உரித்து என் மேஜையிலேயே ஒட்டினாள்.

நர்ஸிடம் சொல்லி ஃபர்ஸ்ட் எய்டு ரூமைத் திறந்துவிடச் சொன்னேன். முரளியிடம் மாற்று ஆள் கேட்டபோது காரணம் கேட்டார். சொன்னேன். அவர், சூப்பர்வைசர் லைனில் உட்காரும் வழக்கம் இல்லாதபோதும், தானே போய் அவள் லென்ஸின் முன்னால் உட்கார்ந்தார். அறையிலிருந்து முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் சாவு வீடுகளில்கூடக் கேட்டதில்லை. லைனில் எல்லாருக்கும் கேட்டது. யாரும் தலையைத் திருப்பவில்லை, கலா மட்டும் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

தந்தியை யார் வாங்குவது

ஒரு மணி நேரம் கழித்துத் தேவகி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி மேஜையில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு கிட்ட தந்திய குடுக்க வேணாம்னு போஸ்ட் மாஸ்டர் சொல்றாரு சார். அவளே கை நீட்டி வாங்கிக்கறா. எனக்கு வந்தத நான்தான் படிக்கணும்ன்றா." அடுத்து, "எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். வெளிநாட்டில் காணாமல் போனவரைத் தேட மனைவி கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும் என்று யாரோ முன்னமே சொல்லியிருக்கிறார்கள். காணவில்லை என்று எழுதிக் கொடுத்தால் காணாமலே போய்விடுவான் என்று மாமியார் தடுத்துவிட்டார். தேவகிக்கும் கை வரவில்லை. ஆறு வாரம் அப்படியே போயிருந்தது.

அன்று மதியமே எழுதினோம். பாஸ்போர்ட் நகல் அவள் போனில் இருந்தது. வலது தோளில் ஒரு தழும்பு, இடது கையில் அவள் பெயர் பச்சை குத்தியிருப்பது என்று அடையாளங்களை அவளே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தூதரகத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதமும் தயார் செய்தோம். திங்கட்கிழமை மனு நாளில் நானும் கலாவும் அவளோடு காஞ்சிபுரம் போனோம். படிவத்தில் 'காணாமல் போனவர்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஆறுமுகத்தின் பெயரை அவளே எழுதினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எல்லைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஆறுமுகம் இறந்திருக்கிறான். சண்டை தொடங்கிய நான்காம் நாளே போயிருக்கிறது உயிர். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்ததால் அவன் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாதவர்களோடு சேர்த்து அங்கேயே அடக்கம் செய்ய இருந்தார்கள். கையில் பச்சை குத்திய தமிழ் எழுத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். தேவகி பார்த்து ஆம் என்று சொன்னாள்.

இளைய தலைமுறைக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். போர்டில் குறை இருந்தால் பிரித்து எடுங்கள், அது நம் வேலை. மனிதர்களிடம் அதைச் செய்யாதீர்கள். ஒருவருக்கு வர வேண்டிய துக்கத்தை நாம் வாங்கிப் பூட்டி வைத்தால் அது எங்கும் போய்விடாது, அவர்கள்தான் அதோடு தனியாக நிற்பார்கள். அவர்களைக் காப்பாற்றுவதாக நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

காரியம் எல்லாம் முடிந்து தேவகி வேலைக்குத் திரும்பிய அன்று என் மேஜைக்கு வந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஏர்போர்ட்ல இருந்து பெட்டி வந்து எறங்கனப்போ நான் வுழுந்துடுவேன்னு என்னைப் புடிக்க நாலு பேரு ஓடியாந்தாங்க சார். நான் வுழல. எங்க மாமியாரு வுழுந்தாங்க. நான்தான் புடிச்சிகினு இருந்தேன்."